முதுகைக் காட்டி நின்ற பலகை

ராக்கப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. அந்தமானில், ஜங்லிகாட் மீன் சந்தையைத் தாண்டி மேட்டில் ஏறும் சந்தில், தகரம் வேய்ந்த கொட்டகை ஒன்றில் பலகைகள் செய்கிறார். வெட்டவெளியில், கம்பத்தின் மேல், மழையிலும் உப்புக்காற்றிலும் வருஷக்கணக்கில் நிற்க வேண்டிய பலகைகள். படகுத்துறையின் பெயர், காட்டுப்பாதை தொடங்கும் இடம், கடற்கரை எச்சரிக்கை, இப்படி. ஒவ்வொன்றும் நாலு அங்குலக் கனம். இரண்டு பக்கமும் எழுத்து. ஒரு பக்கம் போதும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கும் அவர் இரண்டு பக்கம்தான் எழுதிக் கொடுப்பார். அது அவருடைய கிறுக்கு என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். காரணம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் இருவரும் தீவில் இல்லை.

உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவர். இருபத்தொரு வயதில், சுவர் விளம்பரம் எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு, ஒரு காண்ட்ராக்டர் கூட்டிவந்த ஒன்பது பேரில் ஒருவராகச் சென்னையில் கப்பல் ஏறினார். மற்ற எட்டுப் பேரும் இரண்டு வருஷத்துக்குள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இவர் இங்கேயே தங்கிவிட்டார். ஹிந்தி எழுத்தைப் படிக்கத் தெரியாமலேயே அச்சுப்போல எழுதப் பழகினார். பிறகு படிக்கவும் வந்தது. ஊருக்குப் போய் ஒச்சம்மாவைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். மகள் திவ்யா இங்கேதான் பிறந்தாள்.

திவ்யா பத்தாவது முடித்தபோது, பிளஸ் டூவை மதுரையில் படித்தால் நல்ல காலேஜ் கிடைக்கும் என்று ஒச்சம்மா சொன்னாள். மகளைத் தனியாக விடமுடியாது. அவளும் கூடப் போகவேண்டும். இரண்டு வருஷம்தானே என்று மூன்று பேரும் பேசி முடிவு செய்தார்கள். 2017 ஜூனில் தாயும் மகளும் கிளம்பினார்கள். பிளஸ் டூவுக்குப் பிறகு கோயம்புத்தூரில் காலேஜ் வந்தது. அதற்குப் பிறகு ஓசூரில் வேலை, கல்யாணம். ஒச்சம்மா மகளோடு போய்க்கொண்டே இருந்தாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவார்கள், சிக்னல் கிடைத்தால்.

கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு ராக்கப்பன் மாறிக்கொண்டார். ஒரு பக்கம் தெலுங்குக்காரர் வலை விற்கிறார், மறுபக்கம் பெங்காலியின் சைக்கிள் கடை. எல்லோரோடும் ஹிந்திதான். ஜங்லிகாட்டில் தமிழர் இல்லாமல் இல்லை. ஆனால் கோயில் விழா, சங்கக் கூட்டம் என்று போய் நிற்கிற பழக்கம் ஒச்சம்மாவோடு போய்விட்டது. சில வாரங்களில் ஞாயிறுக்கும் ஞாயிறுக்கும் நடுவே ஒரு தமிழ்ச் சொல்லும் அவர் வாயிலிருந்து வராது. அது அவருக்கே தெரியாது. ஒருநாள் சுத்தியலைக் காலில் போட்டுக்கொண்டபோது வாயில் வந்தது ஹிந்தி. கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தையை நினைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

தாயும் மகளும் கிளம்பிய அந்த 2017 கடைசியில் ஓர் அரசு அலுவலகத்திலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. மத்திய அந்தமானில் முதலை நடமாட்டம் உள்ள பன்னிரண்டு இடங்களுக்கு எச்சரிக்கைப் பலகைகள். ஒற்றைத் தகடு, ஒரு பக்கம் எழுத்து, ஒரு கம்பம். முதலையின் படம், கீழே ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் தண்ணீரில் இறங்காதீர்கள் என்ற வாசகம். செய்து, அவரே கொண்டுபோய் நடவேண்டும்.

பன்னிரண்டில் ஒன்று லாங் ஐலண்டில். தீவின் மறுகோடியில் ஒரு நாலா கடலில் வந்து சேருகிறது. சிற்றோடையை இங்கே எல்லோரும் நாலா என்றுதான் சொல்வார்கள். ஊரிலிருந்து காட்டுப்பாதை வழியாக வருகிறவர்கள் பார்க்கும்படி பலகை நிற்கவேண்டும் என்று வரைபடத்தில் குறித்திருந்தது. 2018 பிப்ரவரியில் ராக்கப்பன் போய்க் குழி வெட்டினார். குழி பாதி ஆழம் போயிருந்தபோது ஓதம் இறங்கிக் கடல் வற்றிவிட்டது. எதிர்ப்பக்கம், பாறைகளுக்கு இடையே, நடந்து வரும்படி ஈர மணல் தெரிந்தது. அதில் மனிதக் காலடிகளும் இருந்தன. வற்றின நேரத்தில் அந்தப் பக்கமாகவும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பலகையின் முதுகுதான் தெரியும்.

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி, அலுவலகத்தின் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தார். பின்பக்கமும் எழுதட்டுமா, சாயம் கையில் இருக்கிறது, ஒரு நாள் வேலைதான் என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஏக் தரஃப் லிகா ஹை, ஏக் ஹீ தரஃப் கரோ" என்றார் அவர். ஒரு பக்கம் என்று ஆர்டரில் இருக்கிறது, ஒரு பக்கம் செய். குரலில் கோபம்கூட இல்லை. வேறு பத்து வேலைக்கு நடுவே சொன்ன பதில்.

ராக்கப்பன் இறங்கி வந்தார். மறுநாள் அதிகாலையில் படகு. அதை விட்டால் நாலு நாள் காத்திருக்க வேண்டும். பின்பக்கத்துக்குத் துரு பிடிக்காமல் இருக்கச் சாம்பல் நிறம் அடித்தார். கம்பத்தை நிறுத்திக் கான்கிரீட் போட்டார். கிளம்பினார்.

அந்த டிசம்பரில் ஒருநாள் டீக்கடையில் பத்திரிகையைப் புரட்டினார். லாங் ஐலண்டில் முதலை ஒருவனை இழுத்துப் போய்விட்டது. செத்தவன் ஈஸ்வரன், இருபத்தாறு வயது, அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன். தீவுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கடல் வற்றின நேரத்தில் பாறைகளின் பக்கமாக நடந்துவந்து, நாலாவில் கைகால் கழுவ இறங்கியிருக்கிறான். செய்தியோடு படம் போட்டிருந்தார்கள். காவலர்கள் நாலு பேர் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறார்கள். படத்தின் ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு தகடு.

யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் எதுவும் இல்லை. அலுவலகம் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரி பலகை நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒச்சம்மாவிடம் சொன்னார்.

"அவங்க சொன்னதத்தானங்க செஞ்சீக. ஒங்க மேல என்ன இருக்கு?" என்றாள் அவள். ஆறுதலாகத்தான் சொன்னாள். பிறகு திவ்யாவின் பரீட்சையைப் பற்றிப் பேச்சு போய்விட்டது. அவர் மறுபடி அதை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜனவரி முழுக்க வேறு வேலை எடுக்காமல் ஒரே ஒரு பலகை செய்தார். யாரும் கேட்காத பலகை. துத்தநாகம் பூசிய சதுரக் குழாயில் சட்டம் அடித்து, அதன் இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு போர்த்தினார். ஒற்றைத் தகடு காற்றில் படபடத்துத் திருகாணி இருக்கும் இடத்தில் கிழிந்துவிடும். பெட்டிபோலக் கனமாக இருந்தால் புயலிலும் அசையாது. வெல்டிங் வைத்த இடங்களைத்தான் உப்பு முதலில் தின்னும் என்பதால் அங்கே மட்டும் மூன்று தடவை பூச்சு. விளிம்பெல்லாம் சிலிக்கான். உள்ளே வேர்க்கும் தண்ணீர் வடிய அடியில் இரண்டு துளை. சிவப்பு இரண்டே வருஷத்தில் வெளுத்துப்போகும் என்று எழுத்தைக் கறுப்பில் எழுதினார். ஹிந்தி, ஆங்கிலம், பெங்காலி, தெலுங்கு, தமிழ். இரண்டு பக்கமும் வாய் திறந்த முதலை, நூறு அடியிலிருந்து தெரியும்படி.

கம்பம் துருவேறி அறுபடுவது மண்ணும் காற்றும் சேருகிற இடத்தில். பலகையைத் தாங்கும் இரண்டு கம்பத்துக்கும் அங்கே தார் பூசினார். கடல் மணல் கான்கிரீட்டைக் கெடுக்கும் என்று குவாரித் தூளையும், ஆறு கேன் நல்ல தண்ணீரையும் இங்கிருந்தே படகில் ஏற்றினார். லாங் ஐலண்டில் காட்டுக் காவலர் பிஸ்வாஸ் இது யார் ஆர்டர் என்று கேட்டார். ராக்கப்பன் குனிந்து தண்ணீர் கேன்களை இறக்கத் தொடங்கினார். பிஸ்வாஸ் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பலகையின் ஒரு முனையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

பழைய பலகையைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நாலாவின் கரையில் நிறுத்தினார்கள். காட்டுப் பக்கம் வந்தாலும் பாறைப் பக்கம் வந்தாலும் ஒரு முகம் எதிரே நிற்கும். கான்கிரீட் இறுகும்வரை மான்கள் கொம்பை வைத்துத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ள ராக்கப்பன் மூன்று பகல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. அவரோடு பேசவும் யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார். ரிசார்ட்டுகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் செய்கிற வேலைக்கு இடையே, வருஷத்துக்கு ஒன்று, இரண்டு. கொரோனா வந்த வருஷம் ஒன்றுகூட முடியவில்லை.

2024 பிப்ரவரியில் ஒரு மத்தியானம், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கையில் துணிப்பை. லாங் ஐலண்ட் என்று தமிழில் எழுதிய துண்டுக் காகிதத்தை நீட்டினாள். படகு டிக்கெட் கொடுக்கிற இடத்தில் அவள் பேசியது யாருக்கும் புரியவில்லையாம். அங்கே அடிக்கடி போகிற தமிழாள் ஒருவர் ஜங்லிகாட்டில் இருக்கிறார் என்று ஓர் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

"எதுக்குத் தாயி அங்க போகணும்?" என்று ராக்கப்பன் கேட்டார்.

"என் தம்பி அங்கதாண்ணே செத்தான். ஈஸ்வரன்னு பேரு. எடத்தப் பாக்கணும்."

அவள் பெயர் புஷ்பா. அங்கன்வாடியில் சமையல் செய்கிறாள். தம்பிக்கு நடந்தது தெரிந்தபோதே வரவேண்டும் என்றிருந்தாளாம். கடலைத் தாண்டி இன்னொரு பிள்ளையை விடமாட்டேன் என்று அம்மா தடுத்துவிட்டாள். கிடைத்ததை இங்கேயே எரித்துவிட்டு, கூட வேலை பார்த்தவன் ஒருவன் சாம்பலைக் கொண்டுவந்து கொடுத்தான். அது தம்பிதானா என்று அம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம். போன ஐப்பசியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். இனித் தடுக்க ஆள் இல்லை.

ராக்கப்பன் கூட்டிப்போகிறேன் என்றார். இரண்டு நாள் கழித்துப் படகு. ஆறு மணி நேரப் பயணத்தில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். கப்பலில் மூன்று நாள் யாரோடும் பேசாமல் வந்தவள். அவரும் கேட்டுக்கொண்டே வந்தார். மூச்சு விடாமல் ஒருவர் தமிழ் பேசக் கேட்டு அவருக்கு வருஷங்கள் ஆகியிருந்தன. அதை நிறுத்த மனம் வரவில்லை. ஒவ்வொரு தீவைக் கடந்தபோதும், பழைய பலகையைப் பற்றி இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சொல்லவில்லை.

நாலாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றியிருந்தது. புஷ்பா தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் பலகையைத்தான் பார்த்தாள். தமிழ் எழுத்து அவள் கண்ணில் பட்டது. வாய்விட்டுப் படித்தாள்.

"அவன் இருக்கும்போது இது இல்லையாண்ணே?"

"இல்ல."

"இருந்திருந்தா நின்னு படிச்சிருப்பான். பஸ்ஸுல ஏறுனா எறங்குற வரைக்கும் போர்டு போர்டா படிச்சுக்கிட்டே வருவான். தெரியாத எழுத்தா இருந்தாக்கூடப் படத்தையாவது பாக்காம போகமாட்டான்."

அவள் தனக்குத்தானே பேசுவதுபோலத்தான் சொன்னாள். ராக்கப்பன் அங்கிருந்த பாறையில் உட்கார்ந்துகொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பழைய பலகையைச் செய்ததும் தான்தான், அது எந்தப் பக்கம் பார்த்து நின்றது, ஈஸ்வரன் எந்தப் பக்கமிருந்து வந்தான், மேட்டில் ஏறிப் போன் செய்தது, சாம்பல் நிறம் அடித்தது. ஒன்றையும் விடவில்லை.

புஷ்பா எதிரே மணலில் உட்கார்ந்தாள்.

"அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்கு" என்றாள்.

"தெரியும்."

"கேட்டேன்னு சொல்றீக. அவுக வேணாம்னா, சாயந்தான் கையில இருந்துச்சே. நீங்களா எழுதியிருந்தா யாரு அழிக்கப் போறா?"

ஐந்து வருஷமாக அவர் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது வேறு மாதிரி இருந்தது.

"படகு போயிருமேன்னு விட்டுட்டேன் தாயி" என்றார்.

அவள் எழுந்து தண்ணீர்ப் பக்கம் நடந்தாள். பலகைக்கு அப்பால் போகாதே என்று அவர் கத்தினார். அவள் நின்றாள். அங்கேயே நின்று, பையிலிருந்து கொஞ்சம் திருநீறும் ஒரு கைப்பிடி அரிசியும் எடுத்துக் காற்றில் போட்டாள். திரும்பி வந்தபோது அவர் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த படகு இரண்டு நாள் கழித்து. புஷ்பா பிஸ்வாஸின் வீட்டில் தங்கினாள். ராக்கப்பன் படகுத்துறைக் கொட்டகையில் பெஞ்சில் படுத்தார். முதல் நாள் அவள் வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் பகலில் ஒரு தட்டில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். பிஸ்வாஸின் மனைவி கொடுத்துவிட்டாள் என்றாள். அவர் சாப்பிடும்வரை தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பலகையில் ஈஸ்வரன் பெயரை எழுதலாமா என்று ராக்கப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேணாம். வர்றவன் போறவன்லாம் படிக்க அவன் பேரு எதுக்கு? அது எங்க வீட்ல இருக்கு."

ஹட்டோ துறையில் சென்னைக் கப்பலில் அவளை ஏற்றிவிட்டார். ஊர்ப்பக்கத்து வழக்கப்படி போய்ட்டு வாறேன் என்று அவள் சொல்லவில்லை. "போறேண்ணே" என்றாள். மூன்று மாதம் கழித்து அவளிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞன், முகம் வெளியே திரும்பியிருக்கிறது. கூட ஒரு வார்த்தையும் இல்லை. ராக்கப்பன் என்ன பதில் போடுவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறார்.

புஷ்பாவைக் கப்பல் ஏற்றிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஒச்சம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். புஷ்பா கேட்ட கேள்வியையும் சொன்னார். திரையில் ஒச்சம்மா தலை குனிந்திருந்தாள்.

"இத்தன வருஷம் இத மனசுல வச்சிருந்தீகளா? எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"சொன்னேனே."

அவளுக்கு ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆயிற்று. "ஆமா" என்றாள்.

அடுத்த தைப் பொங்கலுக்கு ஒச்சம்மா வந்தாள். திவ்யாவுக்கு அப்போது ஆறு மாதம். வளைகாப்புக்குள் திரும்பிவிட வேண்டும், இருபது நாள்தான். ஒற்றை அறையைக் கழுவித் துடைத்தாள். பாத்திரங்களைப் புதிதாக வாங்கி வைத்தாள். லாங் ஐலண்டுக்குத் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னாள். படகில் நாலு தடவை வாந்தி எடுத்தாள். பலகையை முன்னால் நின்று பார்த்தாள், சுற்றிப் போய்ப் பின்னால் நின்று பார்த்தாள்.

"எழுத்து நல்லாருக்கு" என்றாள். பிறகு, "ஓசூருக்கு வந்துருங்க. இங்க யாரு இருக்கா ஒங்களுக்கு?"

பன்னிரண்டில் இன்னும் இரண்டு பாக்கி என்று அவர் சொன்னார். அது முடிந்தால் வருவீர்களா என்று கேட்டாள். வருவேன் என்றார். அந்தக் கடைசி இரண்டையும் மார்ச்சுக்குள் நட்டு முடித்தார். பேரன் பிறந்ததும் ஏப்ரலில் ஓசூருக்குப் போகவும் செய்தார்.

நாலாவது மாடி வீடு. மாப்பிள்ளை அருண்பிரசாத் தங்கமான பையன். மாமா மாமா என்று சுற்றி வந்தான். எந்நேரமும் யாராவது பேசிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் தமிழில். ராக்கப்பனுக்குப் பேச்சு வரவில்லை. ஒருவர் கேட்டதற்கு மனசுக்குள் பதிலைக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். குழந்தையைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அழுதால் திருப்பிக் கொடுத்துவிடுவார். சாயங்காலங்களில் கீழே இறங்கி மெயின் ரோடுவரை நடப்பார். ஒருநாள் திவ்யா தேடிக்கொண்டு வந்தபோது, ஒரு கம்பத்தின் அடியில் குனிந்து, துருப் பிடித்த இடத்தை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஊருக்குப் போகணுமா?" என்று அவள் கேட்டாள்.

எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. தலையாட்டினார். மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். ஒச்சம்மா முறுக்கும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். வாசலில் நின்று, மழைக்காலத்தில் படகில் போகாதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஜூலை. ரங்கத் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் படகுத்துறைக்குப் பெயர்ப்பலகை நட ராக்கப்பன் வந்திருக்கிறார். கான்கிரீட் போட்டு மூன்று நாள் ஆகிறது. மழை விடவில்லை. பலகையின் மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டுக் காத்திருப்போர் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே சிக்னல் இல்லை; இந்த ஞாயிற்றுக்கிழமை பேசமுடியாது என்று ஒச்சம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டு வந்தார். காலையில் ஒரு பெங்காலிக் குடும்பம் குடையோடு வந்து, படகு உண்டா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. அலை அதிகம். அடுத்த படகு வியாழக்கிழமைதான் என்று டிக்கெட் கொடுப்பவர் சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். ராக்கப்பன் எழுந்துபோய், தார்ப்பாயின் முடிச்சுகளை இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.